பதவிப் பெயர் நஸ்லா

நஸ்லா டீச்சரின் முகம் நாளுக்கு ஒன்றாக மாறத் தொடங்கியபோது, றஸீன் தன் கண்ணில்தான் பழுது என்று நினைத்துக்கொண்டான்.

அப்படி நினைக்க அவனுக்கு நியாயம் இருந்தது. முந்தலில் ஒரு இறால் பண்ணையில் அவனுக்கு இரவுக் காவல். விடிந்ததும் பஸ் ஏறி, புத்தளத்தில் இன்னொன்று மாறி, கரைத்தீவில் வீட்டு வாசலுக்கு வந்து சேரும்போது மனைவி முஃப்லிஹா உடுப்புத் தைக்கும் பெக்டரிக்கு வெளிக்கிட்டு நிற்பாள். மகள் ஸஹ்னாவை அவன் கையில் தந்துவிட்டு ஓடுவாள். பிள்ளையோடு பராமரிப்பு நிலையத்துக்கு நடக்கும் அந்தக் கால் மணித்தியாலத்தில் றஸீனுக்கு மின்கம்பங்களே இரண்டிரண்டாகத் தெரியும். வாசலில் பிள்ளையை வாங்க வருகிறவளின் முகம் ஒரு நாள் நீளமாகவும் ஒரு நாள் வட்டமாகவும் தெரிந்ததற்கு அவன் யாரைக் குற்றம் சொல்வான்?

மூன்றாவது கிழமை ஒரு நாள் லீவு கிடைத்தது. இரவு முழுக்கத் தூங்கி, முகம் கழுவி, தெளிந்த கண்ணோடு போனான். முகம் அன்றைக்கும் வேறாகத்தான் இருந்தது.

"நீங்க புதுசா, தங்கச்சி?"

"இல்ல நாநா, எனக்கு நாலு நாள். உள்ளுக்கு ரெண்டு பேர் இரிக்கிறாங்க, அவங்கதான் புதுசு."

"அப்ப நஸ்லா டீச்சர்?"

"அது யாரு?" என்று அவள் கேட்டாள். பொய்யில்லை, நான்கு நாள் அனுபவத்தில் அவள் அந்தப் பெயரைக் கேள்விப்படவே இல்லை.

ஸஹ்னாவுக்கு இரண்டு வயதும் ஒன்பது மாதமும். யாருடையதாவது காதுச் சோணையைப் பிடித்துக்கொண்டால்தான் அவளுக்கு நித்திரை வரும். பிறந்த நாளிலிருந்து அப்படி. வீட்டில் உம்மாவின் காது, வாப்பாவின் காது. நிலையத்தில் நஸ்லாவின் காது. மத்தியானம் பிள்ளைகளைப் படுக்கவைக்கும்போது நஸ்லா தன் ஹிஜாபின் ஓரத்தைக் கொஞ்சம் தளர்த்தி விடுவாள். ஸஹ்னாவின் கை உள்ளே போகும். ஐந்து நிமிடத்தில் பிள்ளை தூங்கிவிடும். ஐந்து மாதம் இப்படித்தான் ஓடியது. "உம்மா", "வாப்பா"வுக்குப் பிறகு ஸஹ்னா திருத்தமாகச் சொன்ன முதல் பெயரே "நஸ்லா"தான்.

புதிதாக வந்தவர்களுக்கு இது தெரியாது. பிள்ளை ஹிஜாபுக்குள் கை விட்டால் அதைக் குழப்படி என்று நினைத்துக் கையைத் தட்டிவிட்டார்கள். ஸஹ்னா மத்தியானத்தில் தூங்குவதை விட்டாள். பிறகு கதைப்பதையும் விட்டாள். பசித்தால் கையைக் காட்டுவாள், கோபம் வந்தால் சுவரைப் பார்த்து இருப்பாள். யாருடைய பெயரையும் சொல்வதில்லை. நாலு நாளில் போகிற ஆளுக்குப் பெயர் எதற்கு என்று அவள் முடிவெடுத்த மாதிரி இருந்தது.

"போய்க் கதைங்களேன்" என்றாள் முஃப்லிஹா. "நீங்க போனா கொட்டாவி விட்டுட்டு வருவீங்க எண்டும் எனக்குத் தெரியும். எண்டாலும் போங்க. பிள்ளட வாய்ல இரிந்து ஒரு சொல் வரல்ல, பதினேழு நாள்."

றஸீன் போனான்.

இளந்தளிர் பகல் பராமரிப்பு நிலையத்தை நடத்துவது கரையோர மேம்பாட்டுப் பேரவை. அதன் அலுவலகம் நிலையத்தின் முன் அறையில்தான் இருந்தது. முறைப்பாடு சொல்ல வருகிறவர்களுக்கென்று பெற்றோர் தொடர்பு அலுவலர் என்று ஒரு பெண் இருந்தாள். அவள் றஸீன் சொன்னதையெல்லாம் கவனமாகக் கேட்டு, "பிள்ளை காதைப் பிடித்தே நித்திரை கொள்ளும்" என்று கோப்பில் எழுதி, அடுத்த கிழமை வரச் சொன்னாள்.

அடுத்த கிழமை அந்தக் கதிரையில் வேறொருத்தி இருந்தாள். கோப்பை வாசித்துப் பார்த்துவிட்டு, சுருக்கமாக இருக்கட்டும் என்று "காது, நித்திரை சம்பந்தமான நோய்" என்று எழுதினாள்.

அதற்கடுத்த கிழமை மூன்றாவது ஆள். றஸீன் கதிரையில் இருந்து ஒரு கொட்டாவி விட்டான். அவள் கோப்பைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், எல்லாம் விளங்கிவிட்டது.

"நாநா!" என்று கத்தினாள். "உங்களுக்கு! எந்தக் காது! கேக்காது!"

றஸீன் பதறி எழும்பினான். "எனக்குக் காது கேக்கும் தங்கச்சி."

"ஓம் ஓம்! அப்படித்தான்! எல்லாரும் சொல்ற!"

அன்றைக்குத்தான் அவன் சுவரைக் கவனித்தான். பெரிய பலகையில் ஒரு தென்னை மரம் வரைந்திருந்தது. மரம் நிறையக் குரும்பைகள். ஒவ்வொரு குரும்பையிலும் ஒரு பெண்ணின் பெயர். மேலே, "நூறு மகளிருக்குத் தொழில் வாய்ப்பு". கீழே, "இதுவரை 41". முதலாவது குரும்பையில் நஸ்லாவின் பெயர் இருந்தது. திட்டம் தொடங்க முந்தியே வேலைக்கு வந்தவள் என்பதால் அவள் ஐந்து மாதம் தப்பியிருந்தாள். திட்டம் தொடங்கிய பிறகு ஆளுக்குப் பதினான்கு நாள். அதற்கு முந்திக் களைத்துப் போகிறவர்களைப் பேரவை தடுப்பதில்லை.

முறைப்பாடுகள் கூடியதும், பேரவை வழக்கம்போல ஒரு கூட்டம் போட்டது. "ஊழியர் தொடர்ச்சி பற்றிய பெற்றோர் கலந்துரையாடல்" என்று பதாகை அடித்து, குர்ஆன் கிராஅத் ஓதி, ரோல்ஸும் பிளேன்ரீயும் தந்து, எல்லோருக்கும் கலர்க் கடதாசித் துண்டுகளும் பேனாவும் கொடுத்தார்கள். திட்ட இணைப்பாளர் அம்ஜத் சேர் கையைத் தட்டினார்.

"முதல்ல மனச இலேசாக்குவம். நீங்க ஒரு மரக்கறி எண்டா என்ன மரக்கறி? ஒவ்வொருத்தரா சொல்லுங்க."

ஒரு தாய் கரட் என்றாள். ஒருத்தி வெட்கப்பட்டு வெண்டிக்காய் என்றாள். றஸீன் அரைத் தூக்கத்தில் "கத்தரிக்காய்" என்றான். பக்கத்தில் இருந்தவர் அல்பிரட். களப்பில் வலை போடுகிறவர், மகளுடைய பிள்ளையை இங்கே விட்டிருந்தார்.

"தம்பி, நான் மீன்காரன்" என்றார் அல்பிரட். "மரக்கறி நமக்கு வராது. ஆள் ஏன் மாறுது, அதச் சொல்லுங்க."

அம்ஜத் சேர் சிரித்தார். இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தவர் போல எழும்பினார்.

"நல்ல கேள்வி அண்ணன். ஆள் மாறுறத நீங்க பிரச்சினை எண்டு பாக்கிறீங்க. நாங்க அத அடைவு எண்டு பாக்கிறம். நஸ்லா எண்ட ஒரே ஆள ஒரு வருசம் வச்சிரிந்தா, வருச முடிவில நான் என்னத்த எழுதுற? 'ஒரு பெண்ணுக்கு வேலை குடுத்தம்' எண்டா? அந்த அறிக்கைய எந்த முகத்தோட அனுப்புற? இப்ப பாருங்க, ரெண்டே மாசம், நாப்பத்தொரு பேர். வேற எந்தப் பகல் பராமரிப்பு நிலையமும் இவ்வளவு ஆள மாத்தினதில்ல. மாத்திக் காட்டச் சொல்லுங்க."

"அப்ப பிள்ளையள்?" என்றார் அல்பிரட்.

"பிள்ளைகள் இந்தத் திட்டத்தின்ட மறைமுகப் பயனாளிகள்."

"என்ட வள்ளத்துல நாலு நாளைக்கொரு தரம் புது ஆள ஏத்தினா, வலையும் வராது, வள்ளமும் வராது. மறைமுகமா நான்தான் செத்துப் போவன்."

அந்தக் கருத்து ஒரு மஞ்சள் துண்டில் எழுதப்பட்டு, சுவரில் ஒட்டப்பட்டது. ஒட்டியதோடு அது தீர்ந்துவிட்டது.

பிறகு தலைவர் ஹயாத்து முகம்மது ஹாஜியார் பேசினார். நெடிய மனிதர். நல்ல அகலமான காது. பிள்ளைகள் படுக்கும் அறையில், பாய்களுக்கு நேர் எதிரே, அவருடைய பெரிய படம் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. பெரியவர்களை மதிக்கப் பிள்ளைகள் படுக்கையிலேயே பழக வேண்டும் என்பது பேரவையின் தீர்மானம்.

"நான் பதினெட்டு வருசமா இந்தப் பேரவையின்ட இடைக்காலத் தலைவரா இரிக்கிறன்" என்று தொடங்கினார். "இந்தப் பதினெட்டு வருசத்துல நான் கண்ட ஒரு உண்மையச் சொல்றன். ஒரு ஆள் ஒரே இடத்துல கனகாலம் இரிந்தா, அவருக்கு அந்த இடத்துல ஒரு பற்று வந்திரும். அது நிருவாகத்துக்கு நல்லதில்ல. அதனால யாரையும் கனகாலம் வச்சிரிக்கக் கூடாது எண்டது என்ட கொள்கை. இந்தக் கொள்கைய நான் பதினெட்டு வருசமா மாத்தல்ல."

கைதட்டினார்கள். றஸீனும் தட்டினான், தூக்கத்தைக் கலைக்க அது உதவியது.

இருந்தாலும் பெற்றோரின் கவலையைப் பேரவை புறக்கணிக்கவில்லை. இரண்டு கிழமையில் தீர்வு வந்தது. பெற்றோர் எழுதித் தந்த துண்டுகளை எண்ணிப் பார்த்தபோது அதிகம் வந்த சொல் "நஸ்லா"வாம். நஸ்லா வேண்டும், நஸ்லா எங்கே, நஸ்லாவைத் தாருங்கள். ஆகவே நஸ்லாவை நிரந்தரமாக்குவது என்று பேரவை ஏகமனதாகத் தீர்மானித்தது.

றஸீன் செய்தியைக் கேட்டு வீட்டுக்கு ஓடி வந்து முஃப்லிஹாவிடம் சொன்னான். முஃப்லிஹா அன்றைக்கு வட்டிலப்பம் செய்தாள்.

அடுத்த நாள் காலை வாசலில் மூன்று பெண்கள் வரிசையாக நின்றார்கள். மூன்று பேருக்கும் ஒரே பச்சை அபாயா, ஒரே வெள்ளை ஹிஜாப், ஒரே அத்தர் மணம். மூன்று நெஞ்சிலும் "நஸ்லா" என்று ஒரே பெயர்த் தகடு. றஸீன் கண்ணைக் கசக்கினான். மின்கம்பத்தைத் திரும்பிப் பார்த்தான். அது ஒன்றாகத்தான் தெரிந்தது.

"இதுல நஸ்லா யாரு?"

"எல்லாரும்தான்" என்றார் அம்ஜத் சேர், பின்னால் நின்று. "நஸ்லா இனிமே ஆள் இல்ல, பதவி. கிராம சேவகர் மாறுறாரு, நீங்க அழுறீங்களா? அதிபர் மாறினாலும் அதிபர் அதிபர்தானே? உள்ளுக்கு யார் வந்தாலும் போனாலும், பிள்ளையின்ட பக்கத்துல இரிந்து பாத்தா எப்பவும் ஒரே நஸ்லாதான். பூரண தொடர்ச்சி."

"என்ட பிள்ள காதப் பிடிச்சிப் பாத்துக் கண்டுபிடிச்சிருவா சேர்."

அம்ஜத் சேர் இதையும் யோசித்திருந்தார். தையல் பயிற்சிப் பிரிவில் சொல்லி, துணிக்குள் பஞ்சு அடைத்து, நியமக் காது ஒன்று செய்வித்திருந்தார். தலையணையின் ஓரத்தில் வைத்துத் தைத்திருந்தது. வலக்காது மட்டும். இடக்காது இரண்டாம் கட்டத்தில் வரும் என்றார்.

ஸஹ்னா அந்தக் காதை ஒருமுறை தொட்டாள். தலையணையைத் தூக்கி யன்னலுக்கு வெளியே போட்டாள். திரும்பிச் சுவரைப் பார்த்து இருந்தாள்.

உண்மையான நஸ்லாவை றஸீன் ஒரு வெள்ளிக்கிழமை பாண் வாங்கப் போன கடையில் கண்டான். இறால் தலை கிள்ளும் இடத்தில் வேலையாம். விரல்கள் ஊறி வெளுத்திருந்தன.

"நான் ரெண்டு தரம் போய்க் கேட்டன் நாநா" என்றாள். "முதல் தரம், நஸ்லா ஏற்கனவே இரிக்கிறா எண்டாங்க. நான்தானே நஸ்லா எண்டன். உங்களப் போல மூணு பேர் இரிக்கிறாங்க எண்டாங்க. ரெண்டாவது தரம் பைலப் பாத்தாங்க. நான் பயன் பெற்று முடிஞ்ச ஆளாம். ஒரு ஆள் ரெண்டு தரம் பயன் பெற ஏலாதாம்."

"என்ன பயன் பெற்றீங்க?"

"அதத்தான் நானும் கேட்டன்." அவள் சிரித்தாள். பிறகு, "ஸஹ்னா என்ன சொல்றா?" என்றாள்.

"ஒண்டும் சொல்றதில்ல" என்றான் றஸீன்.

தொடர்ச்சித் திட்டத்தைப் பார்க்க, நிதி தருகிற நிறுவனத்திலிருந்து ஒரு மேடம் கொழும்பிலிருந்து வந்தார். மாதிரிப் பிள்ளையாக ஸஹ்னாவைத் தெரிவு செய்தார்கள். காரணம், அவள் சத்தம் போடமாட்டாள். மத்தியானம் மேடத்தின் முன்னால் நஸ்லாக்கள் மூவரும் பாய் விரித்து இருக்க வேண்டும், ஸஹ்னா நியமக் காதைப் பிடித்துத் தூங்க வேண்டும். பெற்றோர் சார்பில் றஸீன் ஓரமாக நிற்க வேண்டும்.

ஸஹ்னா முதலாவது நஸ்லாவிடம் போனாள். ஹிஜாபுக்குள் கையை விட்டுப் பார்த்தாள், எடுத்தாள். இரண்டாவது நஸ்லா. எடுத்தாள். மூன்றாவது ஆளைத் தொடவே இல்லை. அறையைச் சுற்றிப் பார்த்தாள். சுவரில் இருந்த படத்தைப் பார்த்தாள். அதன் கீழே கதிரையில் இருந்த ஹயாத்து முகம்மது ஹாஜியாரைப் பார்த்தாள். மறுபடியும் படத்தைப் பார்த்தாள்.

அந்தக் கட்டடத்தில் மாறாமல் இருந்த முகம் அது ஒன்றுதான். நாலு மாதமாக ஒவ்வொரு மத்தியானமும் தூங்காமல் கிடந்து அவள் பார்த்துக்கொண்டிருந்த முகம்.

போய், ஹாஜியாரின் மடியில் ஏறினாள். அகலமான அந்தக் காதைப் பிடித்தாள். தூங்கிவிட்டாள்.

"மாஷா அல்லாஹ்" என்றார் மேடம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஹாஜியார் அசைந்தார். பிடி இறுகியது. "அம்ஜத்" என்றார் மெல்ல, "இத எடு."

"சும்மா இரிங்க ஹாஜியார், படம் எடுக்கிறாங்க."

"என்ட காது, அம்ஜத்."

"நூறு பேரின்ட வாழ்வாதாரம், ஹாஜியார்."

இரண்டு மணித்தியாலம் ஸஹ்னா தூங்கினாள், நாலு மாதக் கடனைத் தீர்க்கிற மாதிரி. ஹாஜியாருக்குக் கால் விறைத்தது. பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை அவர் அசையவில்லை. மேடம் மிகவும் திருப்தியாகப் போனார். தலைவரின் நேரடிப் பங்களிப்பை ஒவ்வொரு நாளும் தொடர வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டும் போனார்.

ஹாஜியார் மூன்று நாள் தாக்குப் பிடித்தார். இரண்டாவது நாள் அல்பிரட்டின் பேரனும் மற்றக் காதைக் கேட்டான். நான்காவது நாள் காலை, வலக்காது தக்காளி மாதிரிச் சிவந்திருக்க, அம்ஜத் சேரின் மேசைக்கு வந்தார். பதினெட்டு வருடத்தில் முதல் தடவையாகத் தனக்குப் பதிலாக வேறொரு ஆளைப் போடும்படி கேட்டார்.

"அந்தப் பழைய பிள்ளையக் கூட்டிட்டு வா. அந்த நஸ்லாவ."

"அவ பயன் பெற்று முடிஞ்ச ஆள் ஹாஜியார். பதிவில இரிக்கு."

"அப்ப வேற பேர்ல பதி."

பேரவையின் வரலாற்றில் மிக வேகமாக நிறைவேறிய தீர்மானம் அதுதான். திங்கட்கிழமை நஸ்லா வேலைக்கு வந்தாள். கோப்பில் அவள் பெயர் றிஸானா. நெஞ்சில் பதவிப் பெயர் நஸ்லா. ஸஹ்னா வாசலில் நின்று பச்சை அபாயாவை மேலும் கீழும் பார்த்தாள். இந்த உடுப்பில் ஏற்கனவே பலமுறை ஏமாந்தவள். கையை நீட்டினாள். நஸ்லா குனிந்து ஹிஜாபின் ஓரத்தைத் தளர்த்தினாள்.

"நஸ்லா" என்றாள் ஸஹ்னா. பிறகு, விட்டுப்போன நாட்களுக்கெல்லாம் சேர்த்து, நஸ்லா, நஸ்லா, நஸ்லா என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனாள். றஸீன் வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றான். தூக்கக் கலக்கத்தில் வழி தெரியாமல் நிற்கிறான் என்று அம்ஜத் சேர் நினைத்தார்.

பதினான்கு நாள் முடிந்ததும் றிஸானா பயன் பெற்று முடிந்தாள். அடுத்து அகீலா வந்தாள். அதன் பிறகு முபீதா. எல்லாம் நஸ்லாதான். மற்ற இரண்டு பெண்களையும் இப்படியே வைத்துக்கொண்டார்கள். மூன்று பெண்கள் ஒரே இடத்தில் அசையாமல் இருக்க, மரத்தில் குரும்பை காய்த்துக்கொண்டே போனது. எழுபது, எண்பது, தொண்ணூற்றாறு. பிள்ளைகள் தூங்கினார்கள். றஸீனும் தூங்கினான். முஃப்லிஹா மட்டும் ஒரு நாள் கேட்டாள், "ஒரு ஆள வச்சிரிக்கிறதுக்கு இவ்வளவு களவு செய்யணுமா?"

நூறாவது குரும்பைக்கு மேடம் மறுபடியும் வந்தார். ஹாஜியார் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுப் பின்வரிசையில் இருந்தார். மேடம் கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு, நஸ்லாவின் மடியில் இருந்த ஸஹ்னாவிடம் குனிந்தார்.

"மகள், இது யாரு?"

"நஸ்லா."

"அது பதவிப் பேர் மகள்." மேடம் கோப்பைப் பார்த்தார். "இவங்கட உண்மையான பேர் ஸுஹைறா. சொல்லுங்க பாப்பம். ஸு-ஹை-றா."

ஸஹ்னா மேடத்தைப் பார்த்தாள். வாப்பாவைப் பார்த்தாள். ஹிஜாபுக்குள் கையை விட்டு, சரிபார்த்துக்கொண்டாள்.

"நஸ்லா" என்றாள், இந்தமுறை கொஞ்சம் சத்தமாக, மேடத்துக்கு விளங்கட்டும் என்று.

"இவவுக்கு ஆள அடையாளம் காணுறதுல கஷ்டம் இரிக்கு போல" என்றார் மேடம் கவலையோடு. அம்ஜத் சேரும் கவலையோடு தலையாட்டினார். நஸ்லா குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளைக்குப் பெயர்களை அடையாளம் காணும் விசேட பயிற்சி தேவை, அதற்கு இரண்டு கிழமைக்கொரு புதிய பயிற்றுநர் அனுப்பப்படுவார் என்று அங்கேயே ஒரு படிவம் நிரப்பப்பட்டது.

"பெற்றோர் சம்மதம் வேணும்" என்று அம்ஜத் சேர் படிவத்தை நீட்டினார். "பேர எழுதி, கீழ ஒப்பம் வைங்க."

றஸீன் படிவத்தைச் சுவரில் வைத்து, அவசரப்படாமல், வடிவான எழுத்தில், பெற்றோரின் பெயர் என்ற இடத்தில் "நஸ்லா" என்று எழுதினான். ஒப்பமும் வைத்தான். அம்ஜத் சேர் வாங்கிப் பார்த்து, எல்லாம் சரி என்று முத்திரை குத்தினார்.